கைப்பேசிச் செய்தியும் சிறுசேமிப்பும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், பெற்றோர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

கைப்பேசிச் செய்தியின் வழியே சேமிப்புப் பழக்கத்தை வளர்ப்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். இதைக் கேட்டதும் மாணவர் சிலர் தமக்குள் சிரித்திருப்பர். பள்ளி வளாகத்தில் கைப்பேசியைக் கண்டால் பறித்து வைத்துக்கொண்டு, பெற்றோரை அழைத்து வந்தால்தான் தருவோம் என்று சட்டம் பேசிய தலைமையாசிரியர், இன்று அதே கருவிக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறாரே என்று அவர்கள் எண்ணுவதில் தவறில்லை. எம் மேசை இழுப்பறையில் இப்போதும் இரண்டு கைப்பேசிகள் இருக்கின்றன. உரியவர்கள் திங்கட்கிழமை வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பொருளில் எமக்கு அக்கறை பிறந்தது ஒரு மாணவியால். பெயர் வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, அரசு கலைக் கல்லூரியில் இடமும் பெற்றவள். கல்விக் கட்டணம் ஒரு பெருஞ்சுமையாக இல்லை. அரசின் சலுகை இருந்தது. ஆனால் கல்லூரியில் சேருகின்ற மாதம் ஒன்று இருக்கிறதே, அந்த மாதத்தைச் சலுகையால் தாண்ட முடியாது. சான்றிதழ்களுக்கு அலையும் செலவு, விடுதிக்கு முன்பணம், பெட்டி, பாய், இரண்டு செட் துணி, முதல் பருவப் புத்தகம் என்று எல்லாம் ஒரே மாதத்தில் வந்து வாசலில் நிற்கும். உதவித்தொகையோ பல மாதம் கழித்துத்தான் வரும். அந்தக் குடும்பத்திற்கு நான்காயிரமோ ஐயாயிரமோ குறைந்தது. தாயின் தோடு ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது. தண்டல்காரர் பழைய பாக்கியைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். ஓராண்டு மட்டும் வேலைக்குப் போய்விட்டு அடுத்த ஆண்டு சேரலாம் என்று சொல்லி அப்பெண்ணை நூற்பாலைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வந்தது; அவள் வரவில்லை. அன்று பள்ளியிலிருந்து அவளுக்கு யாம் கொடுத்தது மாற்றுச் சான்றிதழும் ஒரு வாழ்த்துமே.

பின்னர் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மேல்நிலை வகுப்பின் இரண்டு ஆண்டுகளில் நூற்று நான்கு வாரங்கள். வாரம் ஐம்பது ரூபாய் ஒதுக்கியிருந்தால் 5,200 ரூபாய். அந்தக் குறைவை அடைக்க அது போதும். ஆனால் இந்தக் கணக்கைப் பதினோராம் வகுப்பில் அவள் சேர்ந்த அன்றே யாம் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். நூற்பாலைக்குப் போன பிறகு போட்ட கணக்கு யாருக்குப் பயன்?

வாரந்தோறும் ஐம்பது ரூபாய் அந்த வீட்டில் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சில வாரம் இருந்தது, சில வாரம் இல்லை. இருந்த வாரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்த மாதத்தில் கையில் ஒன்றும் இல்லை. எம்முடைய பேச்சு முழுவதும் இந்த ஓர் இடைவெளியைப் பற்றியதுதான்.

மேலே செல்லுமுன் ஒரு பழிச்சொல்லைத் துடைத்தெறிய வேண்டும். நம் மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது, வந்ததைக் கரைத்துவிடுவர் என்று சொல்வோர் உளர். படித்து வேலைக்குப் போன நம்மவருள் சிலரே இப்படிப் பேசக் கேட்டு வருந்தியிருக்கிறோம். உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். முந்தானை முடிச்சில் காசை வைத்து, பிள்ளை அழுதாலும் அவிழ்க்காமல் காத்தவர்கள் நம் தாய்மார்கள். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று நம் தெருக்களில் இல்லாத சீட்டு உண்டா? சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன கதைகளும் உண்டு என்பது வேறு. சேமிக்கத் தெரியாத மக்களிடம் ஏமாற்றிக்கொண்டு ஓட என்ன இருக்கும்?

கூலியை நெல்லாக அளந்த காலத்தில் அந்த நெல்லை எந்த வங்கியில் போடுவது? பண்ணையில் வாங்கிய முன்பணம் தந்தையின் தலையிலிருந்து மகனின் தலைக்கு இறங்கியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாட்டிற்கு வந்ததே 1976ஆம் ஆண்டில்தான். மிச்சம் பிடிக்க வழியில்லாதபடி கூலியை அமைத்துவிட்டு, மிச்சம் பிடிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் சூட்டுவது எந்த அறம்? காசின் அருமை நம் முன்னோர்க்குத் தெரியும். 1907ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். விலை காலணா. ஏழையின் கையில் புழங்கிய சிறு நாணயத்தையே இதழின் பெயராக்கிய துணிவு அது. அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பயின்று 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல், ரூபாயின் சிக்கலைப் பற்றியதே. ஆதலால் பணத்தைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த வேறு எவரும் வரவேண்டியதில்லை. நமக்குள் நாமே பேசிக்கொள்வோம்.

யாம் மாணவராய் இருந்த நாளில் பள்ளியில் ‘சஞ்சாயிகா’ என்னும் சிறுசேமிப்பு நடந்தது. இங்கே நரைத்த தலையுடன் இருப்போர் பலருக்கு அது நினைவிருக்கும். பத்துக் காசு, இருபத்தைந்து காசு கொண்டுபோய்க் கொடுத்தால் வகுப்பாசிரியர் வாங்கி அட்டையில் பதிந்து கையொப்பமிடுவார். பத்தாம் வகுப்பில் எம் கணக்கில் பதினேழு ரூபாய் சேர்ந்திருந்தது. தேர்வு நேரத்தில் அதைக் கொண்டு ஒரு பேனாவும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கினோம். எம் குடும்பத்தில் எவரிடமும் கேட்காமல் வாங்கிய முதற்பொருள் அந்தச் செருப்பு. அந்தப் பதினேழு ரூபாயை எம்மைச் சேர்க்கச் செய்தது எது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். வட்டி அன்று, அறிவுரையும் அன்று. திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவேட்டை மூடியதும், “சஞ்சாயிகா!” என்று ஆசிரியர் கொடுத்த ஒரு குரல். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டு வாங்கிய காசு திங்கட்கிழமை காலை வரை சட்டைப்பையில் தங்கியது என்றால், அந்தக் குரல் வரும் என்று தெரிந்ததால்தான் தங்கியது.

கைப்பேசிச் செய்தியிடம் யாம் எதிர்பார்ப்பது அந்தக் குரலின் வேலையையே.

இதற்குச் சான்று உண்டா என்று தேடியபோது, முதற்சான்று நம் வடமாவட்டங்களிலேயே கிடைத்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், சியாயிங் ஜாவோ ஆகிய அறிஞர்கள் நடத்திய ஆய்வு, 2013ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டிற்கு ஒருமுறை, வெட்டு முடிந்தபின் வரும். வெட்டுக்கு முன் கையில் காசு இராது; அடகும் கடனுமாகக் காலம் தள்ளுவர். அதே மனிதருக்கு வெட்டுக்கு முன் ஒருமுறையும் வெட்டுக்குப் பின் ஒருமுறையும் அறிவுத் திறன் சோதனை வைத்தார்கள். காசு இல்லாத நாளில் அவர் பெற்ற மதிப்பெண் குறைவு. காசு வந்தபின் அவரே கூடுதலாகப் பெற்றார். ஆள் ஒருவரே, தலையும் ஒன்றே. முடையைப் பற்றிய கவலை மூளையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டதால் மற்றவற்றுக்கு இடம் குறைந்துபோயிற்று.

ஆசிரியர் என்ற முறையில் இந்த ஆய்வு எம்மைத் தலைகுனிய வைத்தது. பெற்றோர் கூட்டத்திற்கு வர மறந்த தந்தையை, படிவத்தில் கையொப்பமிட மறந்த தாயை, பொறுப்பற்றவர்கள் என்று எத்தனை முறை கடிந்திருக்கிறோம்! நாளைக்கு உலை வைக்க அரிசி உண்டா என்று எண்ணிக்கொண்டிருந்த தலையில் எம் படிவம் நழுவிப்போனதில் வியப்பென்ன?

மறதிக்குக் காரணம் குணக்கேடு அன்று, நெருக்கடியே என்றால், நினைவூட்டலே மருந்தாகலாம் அல்லவா? இதே செந்தில் முல்லைநாதன், டீன் கார்லன், மார்கரெட் மெக்கானெல், ஜோனதன் சின்மன் ஆகியோருடன் சேர்ந்து பெரு, பொலிவியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். தமக்கென ஒரு குறிக்கோளை வைத்துச் சேமிப்புக் கணக்குத் தொடங்கிய வாடிக்கையாளருள், குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்பினார்கள். பெரு நாட்டில் கடிதம். மற்ற இரண்டிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தி. 2016ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, நினைவூட்டப்பட்டோரின் சேமிப்பு மற்றவரைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடியிருந்தது. இது மலையைப் புரட்டும் கணக்கு அன்று. யாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் ஒரு செய்தி அனுப்ப ஆகும் செலவோ சில காசுகள். மேலும் ஒன்றைக் கவனியுங்கள். சேமித்தால் இன்ன நன்மை என்று சொன்னாலும், சேமிக்காவிட்டால் இன்ன இழப்பு என்று மிரட்டினாலும் பயனில் வேறுபாடு தெரியவில்லை. எதற்காகச் சேமிக்கிறாய் என்னும் குறிக்கோளையும், சேமித்தால் கிடைக்கும் ஊக்கத்தொகையையும் சேர்த்து நினைவூட்டிய செய்திக்கே வலிமை கூடுதல்.

கென்யா நாட்டில் தினக்கூலிகளுக்கும் சிறுவணிகருக்கும் ‘எம்பாவோ’ என்றொரு முதுமைச் சேமிப்புத் திட்டம் உண்டு. அந்நாட்டுப் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு இருபது ஷில்லிங் என்று பொருள். கைப்பேசி வழியே சிறுகச் சிறுகப் பணம் செலுத்தலாம். அங்கே ஒரு பிரிவினர்க்கு வாரந்தோறும் அவர்களுடைய பிள்ளையே எழுதியதுபோல் செய்தி அனுப்பினார்கள். வேறொரு பிரிவினர்க்கு வார எண்கள் பொறித்த பொன்னிற வில்லை ஒன்றைக் கொடுத்து, சேமித்த வாரத்தை ஒருவிதமாகவும் தவறிய வாரத்தை வேறுவிதமாகவும் அதில் கீறி வைக்கச் சொன்னார்கள். எல்லாப் பிரிவுகளிலும் மிகுதியாகச் சேமித்தவர்கள் அந்த வில்லையை வைத்திருந்தவர்களே. வெறும் நினைவூட்டல் மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதில் பொன்னும் இல்லை, மந்திரமும் இல்லை. வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் அது இருந்தது. செய்தி வந்த நொடியில் ஒலித்து மறைந்துவிடும். சுவரில் தொங்குவது நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும். நம் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கைக் குறித்து வைக்கிறோமே, அந்த வழக்கத்திற்குக் கென்யா நாட்டில் ஆய்வு நடத்தி முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்றே எமக்குத் தோன்றியது.

இனி நம் அனுபவத்திற்கு வருவோம். கழகத்தின் இளைஞர் சிலரும் எம் பள்ளி ஆசிரியர் இருவரும் யாமும் சேர்ந்து, மேல்நிலை வகுப்பு மாணவரின் குடும்பங்கள் முப்பது, முப்பத்தைந்தைக் கொண்டு இம்முயற்சியைத் தொடங்கினோம். இதனை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். ஒரே ஒரு விதியை மட்டும் முதல் நாளே எழுதி வைத்தோம்: கழகம் எவருடைய பணத்தையும் கையால் தொடாது. அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம்; பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் கணக்குத் தொடங்கலாம்; வங்கியில் சேமிப்புக் கணக்கும் இருக்கலாம். பணம் அவரவர் பெயரில், அவரவர் புத்தகத்தில். எம் வேலை குரல் கொடுப்பது மட்டுமே. சீட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்த விதி உறக்கத்தைக் காக்கும் விதி.

தொடக்கத்தில் செய்த தவறுகளைச் சொன்னால்தான் இந்த உரைக்குப் பயன் உண்டு.

முதல் தவறு, செய்திகளை யாமே எழுதியது. தலைமையாசிரியர் எழுதினால் எப்படி இருக்கும்? சிறுதுளி பெருவெள்ளம், எறும்பைப் பார், தேனீயைப் பார். மூன்றாம் வாரத்திற்குள் ஒருவரும் படிப்பதில்லை என்று மாணவர்கள் வாயிலாகத் தெரிந்தது. எறும்புக்குத் தண்டல் இல்லை, மருத்துவச் செலவு இல்லை என்று ஒரு தந்தை சொன்னாராம்.

இரண்டாம் தவறு, செய்தியை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அனுப்பியது. ஏன் முதல் தேதி? எமக்குச் சம்பளம் வரும் நாள் அது. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் கூலி சனிக்கிழமை மாலை. செங்கல் சூளைக்குப் போனவருக்குக் கணக்கு முடிவது பருவத்தின் இறுதியில். ஊரக வேலைத் திட்டக் கூலி எந்த நாள் கணக்கில் ஏறும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். முப்பது ஆண்டு மாதச் சம்பளம் வாங்கிய பழக்கம், நம் தெருவில் பிறந்த எம் கண்ணையே எவ்வளவு மறைத்துவிட்டது பாருங்கள்! சனிக்கிழமை இரவு பணம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி, கடன், மளிகைப் பாக்கி எல்லாம் முடிந்து திங்கட்கிழமை கை வெறுமை. செய்தி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே வந்தால்தான் அது செய்தி. திங்கட்கிழமை வந்தால் அது கேலி.

மூன்றாவது தவறுதான் எம் நெஞ்சை உறுத்துவது. மூன்று வாரம் தொடர்ந்து பணம் செலுத்தாதோர்க்கு, “நீங்கள் இம்மாதம் சேமிக்கத் தவறிவிட்டீர்கள்” என்றொரு செய்தி அனுப்பினோம். மறுநாள் ஒரு தாய் கைப்பேசியுடன் எம் அறைக்கு வந்தார். மகனை விட்டுப் படிக்கச் சொன்னாராம். “சார், மூணு வாரமா மழை. ஒரு நாள் வேலை இல்லை. கடைக்காரன் கேட்கிறான், தண்டல்காரன் கேட்கிறான், இப்ப நீங்களுமா சார்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எம்மால் தாங்க முடியவில்லை. “தப்பு எங்களுடையது அம்மா” என்றோம். அவர் உட்காராமலேயே போய்விட்டார். அன்று மாலையே அந்தச் செய்தியை நிறுத்தினோம். கடன்காரன் வாசலில் நின்று கேட்ட அவமானம் நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். நாமும் அதே தொனியில் ஒரு செய்தி அனுப்பினால், நம் பெயரைக் கண்டதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பார்கள்.

அதன்பிறகு முறையை மாற்றினோம். குறிக்கோளைக் குடும்பமே சொல்ல வேண்டும். தொகையையும் கிழமையையும் அவர்களே குறிக்க வேண்டும். வேலையில்லாத காலத்திற்கு விடுப்பு உண்டு. “ஓய்வு” என்று ஒரு சொல் திருப்பி அனுப்பினால் மீண்டும் சொல்லும்வரை செய்தி வராது. செய்தியை வீட்டுப் பிள்ளையே எழுத வேண்டும். இப்போது போகும் செய்திகளுள் ஒன்று: “அம்மா, இன்று சனிக்கிழமை. என் கல்லூரிப் பணத்தில் ஐம்பது போடு.” அவ்வளவே. தமிழாசிரியர் ஒருவர், “போடுங்கள்” என்று மரியாதையாக இருக்கலாமே என்றார். வீட்டில் அந்தப் பெண் தாயை அப்படித்தான் அழைக்கிறாள். மாற்றினால் அது எம் செய்தி ஆகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டோம்.

சுருக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் எழுதினால் 70 இடமே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கும் காலுக்கும் ஓர் இடம் என்று கழிந்துவிடும். மிஞ்சினால் இரண்டு செய்தியாகக் கணக்கிடுவார்கள். நம் மொழிக்கு இழைத்த வஞ்சனை இது என்று முதலில் எமக்குக் கோபம் வந்தது. பிறகு, நீட்டி முழக்கும் எம்மைப்போன்றோர்க்கு இது நல்ல கடிவாளம் என்று சமாதானம் அடைந்தோம். எழுத்தறியாத பெரியோர்க்கு வாட்ஸ்அப் வழியே பிள்ளையின் குரலையே பதிந்து அனுப்புகிறோம். வெளியூர்க் கட்டட வேலையில் இருக்கும் தந்தை ஒருவர், அந்தக் குரலைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காத்திருந்து கேட்பதாகச் சொன்னார். சேமிப்பு எப்படிப் போனாலும் அது ஒன்றே எமக்குப் போதும்.

பெயர்களை வெளியிடுவது பற்றி ஒரு சொல். சிலி நாட்டில் சிறுகடன் பெற்றோர் குழுவாகக் கூடி, ஒருவர் முன் ஒருவர் தம் இலக்கைச் சொல்லிச் சேமித்தபோது, பணம் செலுத்திய தடவைகள் மூன்று மடங்குக்கும் மேல் பெருகின. அதே ஆய்வில் வட்டியை 0.3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்திக் காட்டியும் பெரும்பாலோரிடம் மாற்றம் இல்லை. பின்னர் கூட்டத்திற்குப் பதில் குறுஞ்செய்தியும், சேமிப்புத் துணைவர் ஒருவரும் இருந்தாலே பெரும்பயன் கிடைத்தது. இதைப் படித்துவிட்டு யாமும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் செலுத்தியோர் பட்டியலைப் போட்டோம். செலுத்தாதோர் ஒவ்வொருவராகக் குழுவைவிட்டு வெளியேறினர். சிலியில் அவர்கள் விரும்பிச் சொன்னார்கள். இங்கே யாம் விரும்பிப் பட்டியல் போட்டோம். வேறுபாடு விளங்கியது. இப்போது இருவர் இருவராக, அவரவர் தேர்ந்த தோழியரே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கழகத்திற்கு அந்தக் கணக்கு தெரியாது, தெரியவும் வேண்டா.

தடைகள் பல உண்டு. முதல் தடை, கைப்பேசி யார் கையில் என்பது. சேமிப்பவர் தாய், வங்கியில் பதிந்த எண் கணவருடையது அல்லது மூத்த மகனுடையது. பணம் ஏறிய செய்தி முதலில் அவர்களுக்குத் தெரியும். மாலைக்குள் பணம் இறங்கிவிடும். இதைப் பேசினால் வீட்டுக்குள் சண்டை மூட்டுகிறார்கள் என்பார்கள். மூட்டினாலும் குற்றமில்லை என்பது எம் கருத்து. தாய்மார்களே, உங்கள் கணக்கில் உங்கள் எண்ணே இருக்கட்டும். மாணவர்களே, உங்களுக்கும் இது உண்டு. மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தும் முறை 2021ஆம் ஆண்டு முதல் வந்தது. கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று பாராததால் உதவித்தொகை வந்துசேராமல் அலைந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

அடுத்தது மொழி. வங்கியிலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்தில். எம் பி.ஏ., பி.எட். பட்டத்தை வைத்துக்கொண்டே சிலவற்றை இருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. பணம் வந்ததா போனதா என்று அறிய, ஒரு மூதாட்டி மூன்று கல் தொலைவு நடந்து வங்கிக்கு வந்து வரிசையில் நின்றதைக் கண்டிருக்கிறோம். செய்தி அவர் மடியிலேயே இருந்தது.

பிறகு திருடர்கள். செய்தியின் வழியே நல்லதைச் சொல்லப் பழக்கினால், செய்தியின் வழியே வரும் கெட்டதற்கும் வாசல் திறந்துவிடுகிறோம். உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று வரும். கணக்கு முடங்கிவிடும், இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று வரும். ஆகவே நம் செய்தி எதிலும் இணைப்பு இராது, எண் கேட்பது இராது, பணத்தை இங்கே அனுப்பு என்பதும் இராது. எவரேனும் கழகத்தின் பெயரால் அப்படிக் கேட்டால் அது நாங்கள் அல்லர். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதனால் ஆகாதது எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறுங்கைக்கு நினைவூட்டல் உதவாது. கூலி உயராமல், வேலை நாள் கூடாமல், செய்தி மட்டும் பெருகினால் அது வீண் ஒலி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் தண்டல் வண்டி நம் தெருவுக்கு நாள் தவறாமல் வருகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து, பத்து என்று வட்டி கட்டுபவர், அஞ்சலகத்தில் நூறு ரூபாய் போட்டு வைப்பது கணக்குக்கு ஒவ்வாது. அவருக்கு முதற்சேமிப்பு அந்தக் கடனை அடைப்பதே. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு, “இந்த வாரம் அசலில் நூறு” என்றே செய்தி அனுப்புகிறோம். அதுவும் அவர்கள் கேட்டதால்.

பலன் என்ன என்று தலைவர் அவர்கள் காலையில் கேட்டார்கள். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருள் சிலர், சேர்க்கை மாதத்தைக் கடனின்றித் தாண்டினர். சிலர் பாதிக் கடனோடு தாண்டினர். இருவர் இடையிலேயே சேமித்ததை எடுத்துவிட்டனர். ஒருவர் மருத்துவத்திற்கு, ஒருவர் அக்காள் திருமணத்திற்கு. அவர்களைத் தோற்றவர்கள் என்று யாம் எழுதி வைக்கவில்லை. மருத்துவமனையில் கையில் காசு இருந்தது அல்லவா? மழை நாளில் எம் அறைக்கு வந்த அந்தத் தாய் இரண்டு மாதம் கழித்துத் தம் தோழியின் வாயிலாகச் சொல்லி அனுப்பி மீண்டும் சேர்ந்தார். அவருடைய கிழமை வெள்ளி. மகன் எழுதும் செய்தியில் தொகையே இராது. “அம்மா, முடிந்தால்” என்று மட்டும் இருக்கும்.

இந்த ஆண்டு பதினோராம் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், உணவு இடைவேளையில் வாயிலருகே உள்ள மேசைக்கு வாருங்கள். அரைப் பக்கப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் நான்கே கேள்விகள்: எதற்காக, எவ்வளவு, எந்தக் கிழமை, யார் குரலில். தொகைக்கு எதிரே இருபது ரூபாய் என்று எழுதினாலும் எழுதுங்கள். எழுதத் தெரியாதோர்க்கு எழுதித்தர இரண்டு மாணவியர் அங்கே நிற்கிறார்கள். கூடவே ஒரு மாதக் காலண்டரும் தருவார்கள். அதை அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள்.